மூங்கிலைத் தடுக்க எது நல்லது: ஷீட்டா, சுவரா, பள்ளமா?

கல்யாண வீட்டில் பெரியவர்கள் வாழ்த்தும்போது 'ஆல்போல் தழைத்து, அருகுபோல் வேரோடி, மூங்கில்போல் சுற்றம் முசியாமல் வாழ்க' என்பார்கள். நல்ல வாழ்த்துதான். ஆனால் இந்த மூன்றையும் காம்பவுண்ட் ஓரத்தில் வளர்த்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள், வேறு மாதிரி சொல்வார்கள். ஆல் சுவரைப் பிளக்கும். அருகு பாத்திக்குள் வந்து உட்காரும். மூங்கிலின் சுற்றம் பக்கத்து வீட்டுக்குக் குடிபோகும். என் அக்கா வீட்டில் நடந்தது மூன்றாவது.

அக்காவும் மாமாவும் கோத்தகிரிப் பக்கம் குடியிருக்கிறார்கள். சரிவில் அமைந்த மனை. கீழ்ப்பக்கமும் ஒரு பக்கவாட்டும் வேறொருவருடைய தேயிலைத் தோட்டம். எட்டு வருடத்துக்கு முன்னால் மறைப்புக்காக அந்த ஓரங்களில் மூங்கில் நட்டார்கள். விற்ற நர்சரிக்காரர் "இது பரவாதுங்க, வேலி மாதிரி அப்படியே நிக்கும்" என்றாராம். மூன்று வருடம் அவர் சொன்னபடியே நின்றது. நான்காம் வருடம் துணி காயப்போடும் இடத்தில் ஒரு குருத்து எட்டிப் பார்த்தது. அதற்கடுத்த வருடம் தேயிலைக்குள் நான்கு. தோட்டக்காரர் பொறுமைசாலி. வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, "உங்க மூங்கில் நம்ம தேயிலைக்கு விருந்துக்கு வந்திருக்குங்க, எப்பக் கிளம்பும்னு கேட்டுச் சொல்லுங்க" என்று மட்டும் சொல்லியிருக்கிறார்.

மாமா எனக்குப் போன் போட்டார். "மாப்ள, வேர்த் தடுப்புன்னு ஒரு பிளாஸ்டிக் ஷீட் விக்கிறாங்களாமே, அதை வாங்கிப் புதைச்சிட்டா முடிஞ்சுதா?"

முடியாது என்று அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் அதற்குப் பதில் எது என்று எனக்கும் தெரியவில்லை. ஒரு மாதம் விசாரித்து, இரண்டு முறை மலையேறிப் போய்ப் பார்த்து, சிலதைச் செய்தும் பார்த்த பிறகு எழுதுகிறேன்.

முதலில், அது ஓடுகிற மூங்கிலா?

இந்தக் கேள்வியைத் தாண்டாமல் ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காதீர்கள். மூங்கிலில் தூர் கட்டுவது ஒரு வகை, ஓடுவது இன்னொரு வகை. நம் ஊர்க் காடுகளில் இருக்கும் முள் மூங்கில், கல் மூங்கில், வீட்டு வாசலில் அழகுக்கு வைக்கும் மஞ்சள் மூங்கில் எல்லாம் தூர் கட்டுகிறவை. இவற்றின் அடித்தண்டு, அதாவது மண்ணுக்குள் இருக்கும் தண்டு, குட்டையாக, தடிமனாக இருக்கும். கொஞ்ச தூரம் போய் முனை மேல்நோக்கி வளைந்து அதுவே கழியாகிவிடும். அதனால் புதர் வருடா வருடம் கொஞ்சம் அகலுமே தவிர, பத்தடி தள்ளி முளைக்காது. இதற்கு வேர்த் தடுப்பு வாங்குவது வீண். வருடம் ஒருமுறை வெளி ஓரத்துக் குருத்துகளை வெட்டினால் போதும்.

பில்லோஸ்டாகிஸ் இனத்தைச் சேர்ந்த மூங்கில்கள் ஓடுகிறவை. பெரும்பாலானவற்றுக்குச் சீனாதான் சொந்த ஊர்; குளிர் தாங்கும் என்பதால் மலைத் தோட்டங்களில் ஆசைப்பட்டு வைக்கிறார்கள். இவற்றின் அடித்தண்டு விரல் கனத்தில், மண்ணுக்குள் கிடைமட்டமாக நீண்டுகொண்டே போகும். ஒவ்வொரு கணுவிலும் ஒரு மொட்டு இருக்கும். அந்த மொட்டு கழியாகவும் எழலாம், இன்னொரு அடித்தண்டாகவும் கிளைக்கலாம். இடம் கிடைத்தால் ஒரே வருடத்தில் ஒரு மீட்டருக்கு மேல் நகரும்.

வித்தியாசம் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு வேண்டாம். ஒரு கழியை எடுத்து, கிளை பிரிகிற கணுவுக்கு மேலே விரலால் தடவிப் பாருங்கள். ஒரு பக்கம் நீளவாக்கில் வாய்க்கால் மாதிரிப் பள்ளம் ஓடினால், ஒவ்வொரு கணுவிலும் இரண்டு கிளை மட்டும் இருந்தால், அது பில்லோஸ்டாகிஸ். அக்கா வீட்டுக் கழியில் பள்ளம் தெளிவாகவே இருந்தது. கழிகளும் ஒன்றுக்கொன்று ஒட்டி நிற்காமல், பந்தியில் இலை போட்ட மாதிரி இடைவெளி விட்டு வரிசையாக நின்றன. வாங்கும்போது தொட்டியைக் கவிழ்த்து அடியைப் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும். ஓடுகிற மூங்கில் தொட்டிக்குள்ளேயே சுற்றிச் சுற்றி ஓடியிருக்கும்.

ஷீட்: தடுப்பதைவிடத் திருப்புவதுதான் அதன் வேலை

மாமாவின் மனதில் ஷீட் என்றால் மண்ணுக்குள் ஒரு சுவர். மூங்கில் வந்து முட்டும், நின்றுவிடும். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். மூங்கில் நிற்பதில்லை. முட்டிய அடித்தண்டு பக்கவாட்டில் திரும்பும், கீழே போகப் பார்க்கும், அல்லது மேலே வரும். ஒழுங்காகப் புதைத்த ஷீட் இந்த மூன்றில் மேலே வரும் வழியை மட்டும் அதற்குச் சுலபமாக்கிக் கொடுக்கிறது. மேலே வந்தால் நம் கண்ணில் படும், வெட்டிவிடலாம். ஷீட்டைப் பற்றிய எல்லா விதிகளும் இந்த ஒரு காரணத்திலிருந்து வருபவைதான்.

முதலில் ஆழம். ஓடும் மூங்கிலின் அடித்தண்டுகள் பெரும்பாலும் மேல் மண்ணில், 30 சென்டிமீட்டருக்குள்ளேயே ஓடும். மண் பொலபொலவென்று இருந்தால் இன்னும் இறங்கும். அதனால் 60 முதல் 75 சென்டிமீட்டர் அகல ஷீட்டைத்தான் சொல்கிறார்கள். குழி தோண்டி ஷீட்டை நிறுத்திய பிறகு மண்ணைத் தளர்வாகத் தள்ளி மூடினால், அந்தத் தளர்ந்த மண்ணே மூங்கிலுக்குக் கீழே இறங்கும் பாதையாகிவிடும். ஒவ்வொரு சாணுக்கும் மண்ணைப் போட்டு நன்றாக மிதிக்க வேண்டும்.

அடுத்து சாய்வு. ஷீட் செங்குத்தாக நிற்கக் கூடாது. அதன் மேல் விளிம்பு மூங்கிலை விட்டு வெளிப்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். அப்போதுதான் வந்து முட்டும் முனை சறுக்கு மரத்தில் ஏறுவதுபோல் மேலே ஏறும். சாய்வை மாற்றி வைத்தால் நாமே அதைக் கீழே வழியனுப்பி வைக்கிறோம்.

விளிம்பு மண்ணுக்கு மேல் 5 சென்டிமீட்டராவது தெரிய வேண்டும். பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று அதையும் மண்ணால் மூடுகிறவர்கள் உண்டு. மூடிவிட்டால் ஷீட் போட்டதும் போடாததும் ஒன்றுதான். தவிர, மூங்கில் தன் சருகைத் தானே கொட்டிக்கொண்டே இருக்கும். இரண்டு மழைக்காலம் பெருக்காமல் விட்டால் விளிம்புக்கு மேல் மெத்தை மாதிரி இலை சேர்ந்துவிடும். அந்த மெத்தைக்குள்ளேயே அடித்தண்டு சத்தமில்லாமல் தாண்டிவிடும்.

கனம்தான் நம் ஊரில் சிக்கல். மூங்கிலுக்குச் சொல்லப்படுவது சுமார் 1.5 மில்லிமீட்டர் கன எச்.டி.பி.இ. என்ற கெட்டிப் பிளாஸ்டிக் ஷீட். நமக்குக் கடையில் சுலபமாகக் கிடைப்பது பண்ணைக்குட்டைக்கு விரிக்கும் ஷீட். அது 300, 500 மைக்ரான், அதாவது அதிகபட்சம் அரை மில்லிமீட்டர். தண்ணீரைப் பிடிக்க அது போதும். மூங்கில் அடித்தண்டின் முனை கடினமான கூம்பு. மெல்லிய ஷீட்டில் ஒரு மடிப்போ கீறலோ கிடைத்தால் துளைத்துவிடும். களை வராமல் விரிக்கும் நெய்த துணி, தார்ப்பாய், பழைய ஃபிளெக்ஸ் பேனர் எல்லாம் இந்தக் கணக்கிலேயே வராது. 1.5 மில்லிமீட்டர் ஷீட் நம் நாட்டில் இல்லாத பொருள் அல்ல. குப்பைக் கிடங்குகளின் அடியில் விரிக்கச் சொல்லி 2016 திடக்கழிவு விதிகளில் இருந்தது இதே கனம்தான். சில்லறையாக நாற்பது அடி கேட்டால்தான் கடைக்காரர் முகம் மாறும். குட்டைக்கும் கிடங்குக்கும் ஷீட் ஒட்டும் ஆட்களிடம் மிச்சத் துண்டு கேட்டுப் பாருங்கள். அவர்களிடம் சூடுவைத்து ஒட்டும் கருவியும் இருக்கும். இரண்டு துண்டு சேரும் மூட்டுதான் ஷீட்டின் பலவீனமான இடம் என்பதால், பசை டேப்பை நம்புவதைவிட ஒட்டிக் கொடுத்துவிடச் சொல்வது நல்லது.

வேர்த் தடுப்பு பற்றித் தேடினால் பெரும்பாலும் இங்கிலாந்துக்காரர்கள் சொல்வதுதான் வரும். அங்கே அது ஒரு பெருந்தொழில். காரணம் மூங்கிலைவிட மோசமான ஒரு செடி, ஜப்பான் நாட்வீட். பிலிப் ஃபான் சீபோல்ட் என்பவர் ஜப்பானிலிருந்து ஐரோப்பாவுக்குக் கொண்டுவந்தது, 1850இல் லண்டன் கியூ தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அழகுச்செடியாகக் கொண்டாடியவர்களே 1981இல் அதை இயற்கைவெளியில் பரவவிடுவது குற்றம் என்று சட்டம் போட்டார்கள். 2018இல் தெற்கு வேல்ஸில் ரயில்பாதை ஓரத்து நாட்வீட் வீட்டு மனைகளுக்குள் வந்த வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் வீட்டுக்காரர்கள் பக்கம் நின்றது. ஆனால் கவனியுங்கள், அங்கே ஷீட்டைப் பெரும்பாலும் தனியாக நம்புவதில்லை. நாட்வீட் வேரோடு தோண்டி எடுத்த மண்ணை அதே மனையில் புதைப்பதென்றால் 5 மீட்டர் ஆழம் வேண்டும், தடுப்பு ஷீட்டில் முழுதாகச் சுற்றிப் புதைத்தால் 2 மீட்டர் போதும் என்பது அங்கே நெடுங்காலம் சொல்லப்பட்ட வழிமுறை. அதாவது ஷீட் அங்கே பிணத்துக்குச் சுற்றும் துணி. உயிரோடு நிற்கும் மூங்கிலுக்குப் போடுவது வேறு வேலை. இரண்டுக்கும் ஒரே விளம்பர வாசகத்தை எழுதி விற்கிறார்கள், அவ்வளவுதான்.

சுவரும் உறையும்

மேஸ்திரியிடம் கேட்டால் அவர் சொல்வது ஒன்றே ஒன்று: "ரெண்டடி கான்கிரீட் இறக்கிடலாங்க." கேட்க உறுதியாகத்தான் இருக்கும். ஆனால் கான்கிரீட் உலரும்போதும் மண் அசையும்போதும் மயிரிழை விரிசல் விடும். அந்த விரிசலில் நுழைந்த முனை உள்ளே போன பிறகு பருக்கும். செங்கல் சுவர் இன்னும் மோசம், ஒவ்வொரு சாந்து வரிசையும் ஒரு கதவு. கம்பி கட்டிப் போட்ட நல்ல கான்கிரீட் தாங்கும், மறுக்கவில்லை. அந்தச் செலவில் தோட்டத்தையே புதிதாகப் போட்டுவிடலாம். தவிர, ஒருமுறை போட்டால் இடம் மாற்ற முடியாது.

சிமென்ட் உறை விஷயம் வேறு. கிணற்றுக்கு இறக்கும் அதே வட்ட உறைதான். சிறிய செடிகளுக்கு இதைவிட மலிவான தடுப்பு நம் ஊரில் இல்லை. ஓர் உறையை முக்கால்வாசி புதைத்து, விளிம்பை நான்கு விரல் மேலே விட்டு, உள்ளே புதினாவோ கல்வாழையோ வையுங்கள், அடங்கிக் கிடக்கும். ஒரே உறையாக இருக்கும்வரை மூட்டு என்ற பிரச்சினையே கிடையாது. ஆனால் ஓடும் மூங்கிலுக்கு ஓர் அடி உயரம் போதாது. இரண்டு உறைகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்துச் சாந்து பூசினால் நடுவில் அந்த மூட்டு இருக்கிறது, அதுவும் அடித்தண்டு ஓடும் ஆழத்திலேயே. மாமா ஏற்கெனவே ஒரு மூங்கிலை இப்படி வைத்திருந்தார். தோண்டிப் பார்த்தபோது மூட்டு வழியாக ஒரு தண்டு பென்சில் கனத்தில் நுழைந்து, வெளியே வந்ததும் விரல் கனத்துக்குப் பெருத்திருந்தது. அந்தத் துண்டை அறுத்து ஜன்னல் திட்டில் வைத்திருக்கிறார். வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறார்.

பள்ளம்

இதை யாரும் விற்பதில்லை, அதனால் யாரும் விளம்பரம் செய்வதில்லை. எனக்குப் பிடித்தது இதுதான்.

மூங்கிலைச் சுற்றி, கடைசிக் கழியிலிருந்து மூன்றடி தள்ளி, ஓர் அடி அகலம், ஓர் அடி ஆழத்துக்குப் பள்ளம் எடுக்க வேண்டும். பள்ளத்தைத் திறந்தபடியே விடலாம். ஆள் நடக்கிற இடமென்றால் சருகாலோ மணலாலோ லேசாக நிரப்பிக்கொள்ளலாம். அடித்தண்டு மண்ணுக்குள் வந்து, பள்ளத்தின் சுவரில் மூக்கை நீட்டும். வெளிறிய மஞ்சளில் பளிச்சென்று தெரியும். அரிவாளால் ஒரு வெட்டு. மண்வெட்டியால் பள்ளத்தை ஒருமுறை இழுத்துவிட்டால் முடிந்தது. வளர்ச்சிக் காலத்தில் மாதம் ஒருமுறை, மற்ற நேரத்தில் எப்போதாவது.

ஷீட்டில் இல்லாத ஒரு வசதி இதில் உண்டு. நாம் மறந்தால் பள்ளம் அதைக் காட்டிக்கொடுக்கும்: மண் சரிந்திருக்கும், புல் முளைத்திருக்கும். ஷீட் போட்டவர் மறந்தால் எதுவுமே தெரியாது. 'அதான் ஷீட் போட்டாச்சே' என்ற நிம்மதியிலேயே மூன்று வருடம் போய்விடும். குறையும் உண்டு. பள்ளம் ஆளைக் கேட்கும். வருடத்துக்கு ஒருமுறை வந்து போகிற மலை வீட்டுக்காரருக்கு இது ஆகாது. குழந்தைகளும் வயதானவர்களும் இரவில் நடக்கும் பாதைக்குக் குறுக்கே எடுக்கவும் கூடாது.

வேரோடு எடுப்பது, மருந்து

அக்காவின் விருப்பம் இதுதான்: "எதுக்கு இந்த வம்பு, மொத்தமா எடுத்துடு." யாரும் குடியில்லாத வீடு, சின்ன மனை, நட்டு இரண்டு மூன்று வருடமே ஆன மூங்கில் என்றால் நானும் அதைத்தான் சொல்வேன். மண்ணை நனைத்து, கழிகளை அடியோடு வெட்டி, கடப்பாரையும் கோடரியுமாக அடித்தண்டுகளைப் பின்தொடர்ந்து போக வேண்டும். ஜேசிபி போக வழி இருந்தால் பாதி வேலை குறையும். மொட்டுள்ள துண்டு மண்ணில் தங்கினால் அது முளைக்கும். அதனால் எடுத்த அன்றே வேலை முடியாது. மீண்டும் வரும் ஒவ்வொரு குருத்தையும் இலை விரிக்கும் முன் ஒடித்துப்போட வேண்டும். இலை இல்லாமல் அடித்தண்டு சேமிப்பைத் தின்று தீர்த்து, இரண்டு மூன்று வருடத்தில் ஓய்ந்துவிடும். ஒடித்த குருத்தை வீணாக்க வேண்டாம் என்று குடகுக்காரர்கள் சொல்வார்கள், அங்கே மூங்கில் குருத்துக் கறி பிரசித்தம். பச்சையாக விஷத்தன்மை உண்டு. நறுக்கி ஊறவைத்து, தண்ணீர் மாற்றி வேகவைத்த பிறகுதான் சாப்பிட வேண்டும்.

களைக்கொல்லி யோசனையை மாமாவே முதலில் சொல்லி, அவரே விட்டுவிட்டார். கிளைபோசேட் மருந்தை அங்கீகரிக்கப்பட்ட பூச்சிக் கட்டுப்பாட்டு ஆட்கள் வழியாக மட்டுமே பயன்படுத்தலாம் என்று ஒன்றிய அரசு 2022 அக்டோபரில் கட்டுப்பாடு விதித்தது. கடையில் பாட்டில் கிடைத்தது என்பதற்காக நாமே அடிப்பது சரியல்ல. ஒரு பக்கம் அக்காவின் காய்கறிப் பாத்தி, இன்னொரு பக்கம் தோட்டக்காரர் விற்கும் தேயிலைக் கொழுந்து. தவிர, முழு வளர்ந்த மூங்கிலின் இலை இருபதடி உயரத்தில். அங்கே தெளித்தால் யார் தலையில் விழும்?

சரிவு தீர்த்து வைத்த வழக்கு

இவ்வளவையும் கேட்டுவிட்டு மாமா, "சரி மாப்ள, நீ என்னதான் சொல்றே?" என்றார். அப்போதும் என்னிடம் ஒரே பதில் இல்லை. மனையைச் சுற்றி ஒருமுறை நடந்த பிறகுதான் புரிந்தது, ஒரே பதில் தேடியதே தவறு.

கீழ்ப்பக்க எல்லை சரிவுக்குக் குறுக்கே ஓடுகிறது. அங்கே ஷீட்டைப் புதைத்தால் மண்ணுக்குள் இறங்கி வரும் மழைநீருக்கு அணை கட்டிய மாதிரி ஆகும். கோத்தகிரிக்குத் தொட்டபெட்டா மறைப்பதால் தென்மேற்குப் பருவமழை குறைவு. ஐப்பசி, கார்த்திகையில்தான் கொட்டும். தண்ணீரைக் குடித்து ஊறிய மண், வழுக்கும் பிளாஸ்டிக் முகத்தில் சாய்ந்து நின்றால் என்ன ஆகும்? 2009 நவம்பரில் நீலகிரி பட்ட மண்சரிவைப் பார்த்தவர்கள் யாரும் அந்தச் சோதனையைச் செய்ய மாட்டார்கள். அந்தப் பக்கத்துக்குப் பள்ளம்தான். சரிவுக்குக் குறுக்கே சமமட்டத்தில் எடுக்கும் ஆழமில்லாத பள்ளம் மண் அரிப்பையும் குறைக்கும். ஒரு நிபந்தனை: கீழே தடுப்புச் சுவரோ செங்குத்தாக வெட்டிய மண் கரையோ ஒட்டி இருந்தால் அங்கே பள்ளம் எடுத்துத் தண்ணீரை ஊறவிடக் கூடாது. இங்கே எல்லைக்கு அப்பால் இருபதடிக்கு நிதானமான தேயிலைச் சரிவு. பிழைத்தோம்.

பக்கவாட்டு எல்லை மேலிருந்து கீழாக இறங்குகிறது. அங்கே பள்ளம் வெட்டினால் முதல் மழையிலேயே அது ஓடையாகி, மண்ணை வாரிக்கொண்டு போகும். அங்கேதான் ஷீட். தண்ணீர் ஓடும் திசையிலேயே ஷீட் நிற்பதால் அணையாகவும் ஆகாது. இரண்டு முனைகளையும் மூங்கில் பக்கமாக அரைவட்டமாக மடக்கி விட்டோம். நேராக விட்டிருந்தால் சுவரோரம் நடக்கிற ஆள் மாதிரி முனைவரை வந்து சுற்றிக்கொண்டு போயிருக்கும்.

துணி காயப்போடும் மேல்பக்கத்தில் நின்றவற்றை முழுதாக எடுத்துவிட்டோம். அக்காவுக்கும் ஒரு பங்கு வேண்டுமல்லவா. தை, மாசியில் மண் காய்ந்திருக்கும்போது செய்தது. கீழ்ப்பக்கத்தை மட்டும் வேரோடு பிடுங்க நான் ஒப்புக்கொள்ளவில்லை. எட்டு வருட அடித்தண்டு வலைபோல் அந்தச் சரிவு மண்ணைப் பிடித்திருக்கிறது. அதைக் கிழித்தெடுத்துவிட்டு அடுத்த மழைக்கு வெறும் மண்ணாக நிற்கவிடும் தைரியம் எனக்கில்லை.

இந்தத் தீர்ப்பில் இன்னொரு சாட்சி மாமாவின் காலை நடை. ஓய்வு பெற்றவர், தினமும் ஆறரை மணிக்குக் கையில் காப்பியோடு மனையை ஒரு சுற்றுச் சுற்றுவார். அந்தச் சுற்று இல்லாத வீடென்றால், ஷீட்டும் வேண்டாம் பள்ளமும் வேண்டாம், பாடுபட்டாவது மொத்தத்தையும் எடுத்துவிட்டு, தூர் கட்டும் மூங்கிலோ செம்பருத்தி வேலியோ வையுங்கள் என்றுதான் சொல்லியிருப்பேன்.

மற்ற செடிகளுக்கு?

என் கோவை வீட்டில் மூங்கில் இல்லை, அருகும் கோரையும் இருக்கின்றன. அருகைத் தடுக்கப் பாத்தியைச் சுற்றி ஃபிளெக்ஸ் பேனரைக் கிழித்துப் புதைத்த மேதை நான்தான். அருகு மண்ணுக்குள்ளும் ஓடும், மண்ணுக்கு மேலும் ஓடும் என்பது அப்போது உறைக்கவில்லை. ஒரே மழையில் விளிம்புக்கு மேல் கொடி போட்டு, அந்தப் பக்கம் இறங்கி வேர்விட்டது. அருகுக்குத் தடுப்பு வைத்தால் அரையடி ஆழம் போதும், ஆனால் விளிம்பு ஓரமாக ஒரு சாண் அகலத்துக்கு வெற்றுத் தரையோ கல்லோ இருந்தால்தான் தாண்டுவது தெரியும். ஏற்கெனவே பாத்திக்குள் இருப்பதை ஒழிக்கச் சித்திரை வெயிலை நம்புங்கள். மண்ணை நனைத்து, கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாளை இழுத்து விரித்து, ஓரங்களை மண்ணால் மூடி, ஐந்தாறு வாரம் விட்டுவிட வேண்டும்.

கோரைக்கு அந்த வித்தை பாதிதான் பலிக்கும். அதன் ஊசி முனை பிளாஸ்டிக் தாளையே துளைத்துக்கொண்டு வெளியே வரும். காய்கறி வயலில் மல்ச்சிங் ஷீட் போட்டவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். கிழங்குகள் மணிமாலை மாதிரி ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு கிடப்பதால், மேலே பிடுங்கினால் இழை அறுந்து கீழே இருப்பவை புதிதாக முளைக்கும். கோடையில் கிளறிப் போட்டு வெயிலில் காயவிடுவதும், நிழல் கொடுப்பதும்தான் வழி. கோரைக்கும் அருகுக்கும் நிழல் ஆகாது. சர்க்கரைவள்ளிக் கொடியை அடர்த்தியாகப் படரவிட்ட பாத்தியில் எனக்குக் கோரை வெகுவாகக் குறைந்தது.

மஞ்சள் பூப்பூக்கும் வெடீலியாவைத் தரை மறைக்க வைத்தவர்கள் வேர்த் தடுப்பு தேடவே வேண்டாம். அது மண்மேல் படர்ந்து கணுவுக்குக் கணு வேர்விடும் செடி, அதற்குக் கத்தரிக்கோல்தான். உண்ணிச்செடி பறவை எச்சத்தில் வருகிறது. சீமைக் கருவேலம் ஆடுமாடு தின்ற காயில் வருகிறது. இவற்றுக்கு மண்ணுக்குள் சுவர் வைத்து என்ன பயன்? புதினாவுக்கு முன்பே சொன்ன உறை, அல்லது அடி உடைந்த பிளாஸ்டிக் குடம்.

கோத்தகிரி வேலை முடிந்து ஒரு மழைக்காலம் தாண்டிவிட்டது. பள்ளத்தில் இதுவரை பதினோரு மூக்கு அறுத்ததாக மாமா கணக்கு வைத்திருக்கிறார். ஷீட்டுக்கு மேல் ஏறியது இரண்டு. ஆனால் தேயிலைக்குள் போனவை இன்னும் அங்கேதான் இருக்கின்றன. எல்லையில் தண்டை அறுத்ததால் அவை தாயிடமிருந்து பிரிந்தனவே தவிரச் சாகவில்லை, தனிக்குடித்தனம் நடத்துகின்றன. தோட்டக்காரரிடம் அனுமதி கேட்டு, கொழுந்து பறிக்காத நாளில் மாமா உள்ளே போய்க் குருத்தை ஒடித்துவிட்டு வருகிறார். இன்னும் இரண்டு வருடமாவது அப்படிப் போக வேண்டியிருக்கும்.